இடிந்த கோயிலைக் கணினி கட்டுமா?

மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் வாழும் வாசகர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். எட்டாம் வகுப்பிற் பயிலும் அவருடைய மகள், வரலாற்றுப் பாடத்தின் பொருட்டுக் கணினித் திரையில் பழைய அங்கோர் நகரத்தைச் சுற்றிப் பார்த்தாளாம். மாட்டுவண்டிகளையும் ஓலை வேய்ந்த வீடுகளையும் கோயிலுக்குள் நுழையும் சனங்களையும் தந்தைக்குக் காட்டிவிட்டு, "அப்பா, எங்கட ஊர்க் கோயிலையும் இப்பிடிப் பார்க்கலாமோ?" என்று கேட்டாளாம். "மாஸ்ரர், இது வரலாறோ அல்லது பிள்ளைகளின் விளையாட்டோ? அவளுக்கு நான் என்ன மறுமொழி சொல்வது?" என அன்பர் வினவுகிறார். கேள்விகள் இரண்டு. முதலாவதற்கு விடை கூறுதல் எளிது. மகள் கேட்டதுதான் கடினமானது.

அப்பிள்ளை பார்த்தது விளையாட்டு வணிகர் செய்த பண்டம் அன்று. இதே மெல்பேர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ரொம் சான்ட்லர் என்பாரும் அவருடைய குழுவினரும், வரலாற்றாசிரியர்களோடும் தொல்லியலாளரோடும் கூடிப் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய 'மெய்நிகர் அங்கோர்' அது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க வரலாற்றுக் கழகம் அதற்குப் பரிசு வழங்கியது. அவுஸ்திரேலியப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரலாற்றுக்குரிய தெரிவுகளுள் கெமர் பேரரசும் ஒன்றாக இருந்துவருவதால், நமது பிள்ளைகள் பலர் அதனைக் கண்டிருப்பர்.

ஆங்கிலத்தில் 'வேர்ச்சுவல் றியாலிட்டி' என வழங்கும் மெய்நிகர்க் காட்சியைத் தொல்லியலோடு இணைத்துப் பேசுவது புதிய சங்கதியும் அன்று. பிரித்தானியாவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய போல் றெய்லி என்பவர் 1990ஆம் ஆண்டளவிலேயே 'மெய்நிகர்த் தொல்லியல்' என்னும் தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தார். அகழ்வு என்பது ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய காரியம். தோண்டிய குழியை மீளத் தோண்ட இயலாது. ஆதலால் மண்ணின் ஒவ்வோர் அடுக்கையும் முப்பரிமாண உருவாகக் கணினியிற் சேமித்தால், பின்வருவோர் அதனை மறுபடியும் 'தோண்டி'ப் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். இன்று நாம் காணும் கண்கவர் காட்சிகள் பின்னால் வந்தவை. தொடக்கத்தில் இது ஆய்வாளனின் குறிப்பேடாகவே கருதப்பட்டது.

அங்கோரின் கதையில் சிட்னிக்கும் பெரும் பங்குண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோலண்ட் பிளெச்சர், காலஞ்சென்ற டேமியன் எவன்ஸ் ஆகியோர் கம்போடிய, பிரெஞ்சு அறிஞரோடு சேர்ந்து அந்நகரின் முழுப் பரப்பையும் அளந்தனர். 2007இல் அவர்கள் வெளியிட்ட வரைபடம், அங்கோர் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரந்து கிடந்த நகரம் எனக் காட்டியது. 2012இல் 'லைடார்' எனும் கருவியை ஹெலிக்கொப்டரிற் பொருத்தி 370 சதுர கிலோமீற்றருக்கு மேலே பறந்தனர். அக்கருவி கணந்தோறும் எண்ணற்ற லேசர்க் கதிர்களைக் கீழ்நோக்கி எறிகிறது. பெரும்பாலானவை காட்டின் இலைகளிற் பட்டுத் திரும்பும். சில இலைகளின் இடுக்கால் நுழைந்து நிலத்தைத் தொட்டுத் திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். இலையிற் பட்டவற்றை விலக்கி, நிலத்திற் பட்டவற்றை மாத்திரம் கணினி தொகுத்தால், ஒரு மரத்தையும் வெட்டாமல் காடு அகன்றுவிடும். அவ்வாறு அகன்றபோது அங்கோர் வாட் கோயிலின் மதிலுக்குள்ளேயே ஒழுங்கான தெருக்களும், வீட்டு மேடுகளும், வீட்டுக்கொரு குளமும் தென்பட்டன. இதுகாறும் வெறும் புற்றரையும் மரச்சோலையுமாக எண்ணப்பட்ட இடத்திற் குடியிருப்பு ஒன்று இருந்திருக்கிறது.

இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறேன். கெமர் நாட்டிற் கல்லாற் கட்டப்பட்டவை தெய்வங்களின் இல்லங்களே. அரசனின் மாளிகையும் மரத்தாலானது. 1296இல் அங்கு சென்று ஓராண்டளவு தங்கிய சீனத் தூதுக்குழுவினரான சோ தாகுவான், சாதாரண மக்கள் ஓலையோ புல்லோ வேய்ந்த குடிசைகளிலேயே வாழ்ந்தனர் என்றும், ஓடு வேய அவர்கள் துணிவதில்லை என்றும் எழுதிவைத்தார். மரமும் ஓலையும் உக்கி மறைந்தன, கல் நின்றது. ஆகவே சுற்றுலாப் பயணி இன்று காண்பது மக்கள் அற்ற நகரத்தை. மொனாஷ் குழுவினர் செய்த பெரும் பணி, கோயிலை அழகுபடுத்தியது அன்று; அதனைச் சூழ வாழ்ந்த சனத்தைத் திரும்பக் கொணர்ந்தமையே. அதற்கு அவர்கள் சோ தாகுவானின் குறிப்பையும், பாயோன் கோயிற் சுவரிற் சந்தைக் காட்சிகளையும் சமையற் காட்சிகளையும் செதுக்கிய சிற்பியின் கைவண்ணத்தையும், கல்வெட்டுகளையும், லைடார் காட்டிய மேடுகளையும் ஆதாரமாகக் கொண்டனர்.

நமது ஊர் வாழ்க்கையும் பெரும்பாலும் இத்தகையதே. மண்சுவர், பனையோலைக் கூரை, கிடுகு வேலி, பனைமரத் துலா, மாட்டுத் தொழுவம். நூறாண்டுகளுக்குப் பின் நமது ஊரை அகழ்பவனுக்குக் கிணறும் கோயிலின் அடித்தளமும் தவிர அதிகம் கிட்டாது. வேலி அடைப்பதற்கு ஊர் முழுவதும் கூடிய மாதம், படலையின் ஓசை, ஒழுங்கையின் வளைவு என்பவற்றை மண் வைத்திருக்கப்போவதில்லை.

அங்கோர் பற்றி எழுதும்போது ஒன்றை விலக்காமற் செல்ல முடியவில்லை. 'வர்மன்' என்று முடியும் பெயரைக் கேட்டவுடனே அம்மன்னரைத் தமிழராக்கி, அங்கோர் வாட்டைச் சோழர் கட்டினர் என்று படம் போட்டு அனுப்பும் வழக்கம் நம்மவரிடையே பரவிவிட்டது. அதனைக் கட்டியவன் கெமர் மன்னனாகிய இரண்டாம் சூரியவர்மன். காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி. கெமர் எழுத்துப் பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது உண்மை. காம்போச மன்னன் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு கூறுவதும் உண்மை. உறவு இருந்தது என்பதற்கு இவை போதும். உறவினர் கட்டிய வீட்டுக்கு நாமே உறுதி எழுதிக்கொள்ளுதல் தகாது. நமது கோயில்களைப் பிறர் தமதென்று எழுதும்போது நமக்கு எத்துணை நோகிறது என்பதை நாம் அறிவோம்.

இனி அன்பரின் முதற் கேள்விக்கு நேரே வருவோம். திரையிற் காணும் மாட்டுவண்டி அந்த நாளில் அந்தத் தெருவிற் சென்றதற்குச் சான்று இல்லை. அத்தகைய வண்டி சென்றது என்பதற்குச் சிற்பச் சான்று உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கினால் அது வரலாறு, விளங்காவிட்டால் விளையாட்டு. ஓவியன் வரைந்த படத்தைக் கண்டு 'இது ஓவியம்' என மனம் எச்சரிக்கையாக இருக்கும். கணினிப் படமோ நிழலும் வெயிலும் தூசியும் கூடிப் புகைப்படம்போல் நம்மை இணங்கச் செய்துவிடுகிறது. இவ்வாபத்தை உணர்ந்தே 2006இல் அறிஞர்கள் கூடி 'இலண்டன் சாசனம்' என்றொன்றை வரைந்தனர். ஒரு தூணின் உயரம் அளவெடுத்ததா, பக்கத்துக் கோயிலைப் பார்த்து வைத்ததா, வெறும் ஊகமா என்பதைப் படம் ஆக்குவோர் பதிந்து வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது மிகப் பிடித்த விதி. கணக்கில் விடையை மாத்திரம் எழுதினால் நாங்கள் புள்ளி கொடுப்பதில்லை. செய்வழி காட்ட வேண்டும்.

செய்வழி காட்டினால் கணினிப் படத்தாற் புதுக் கேள்வியும் கேட்கலாம். தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதன் எல்லைக்குள் 12,640 பேர் உறைந்தனர் என்கிறது. படிப்பவர் மனத்தில் அது வெறும் எண்ணாகக் கடந்துபோகும். மொனாஷ் குழுவினர் அங்கோர் வாட்டுக்கு அத்தகைய எண்களை எடுத்து, கணினி மனிதரை ஆயிரக்கணக்கில் நடக்கவிட்டு, ஒரு பகலும் இரவும் வாசல்களால் எத்தனை பேர் போய்வரக்கூடும் என்று பார்த்தனர். அரிசியும் விறகும் எவ்வழியே வந்தன, நெருக்கம் எவ்விடத்தில் உண்டாகும் என்பன அப்போதுதான் ஆய்வாளருக்கே கேள்விகளாயின.

செய்வழி காட்டாத படத்தினால் வரும் சிக்கலுக்குத் தமிழகத்திலேயே அண்மையில் ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்தது. கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகை ஈமக்காட்டின் தாழிகளிலிருந்து பெற்ற இரு ஆடவர் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் கணினி வழி அளந்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். 2025இல் அம்முகங்கள் வெளியாகின. எலும்பின் மீது தசை எத்துணைத் தடிப்பாக அமையும் என்பதற்குத் தக்க அளவைகள் உண்டு. ஆகவே நெற்றியும் கன்ன எலும்பும் நம்பத்தக்கவை. ஆனால் அம்மண்டையோடுகளுக்குக் கீழ்த்தாடை இருக்கவில்லை; அதனைக் கணித்தே அமைத்தனர். தோலின் நிறமும் கண்ணின் நிறமும் எலும்பிற் பதிவதில்லை. அவற்றை இற்றைத் தென்னிந்தியரின் முகங்களைக் கொண்டு தெரிந்தனர். ஆய்வாளர் இதனை ஒளிக்கவில்லை. எனினும் படம் கையிலிருந்து கைக்கு மாறும்போது விளக்கம் உதிர்ந்துவிட, முகம் மாத்திரம் எஞ்சிற்று. ஒருசாரார் 'இதோ ஆதித் தமிழன்' என்றனர். மறுசாரார் மூக்கைப் பார்த்து வேறு நாட்டவன் என்றனர். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. பக்கத்து ஊரார் ஒருவரின் சாயல் அதிலே தெரிந்தது. அந்த நெகிழ்ச்சியைச் சான்றாக எவரும் ஏற்கமாட்டார்.

மெல்பேர்ன் வாசகருட் பலருக்கு இன்னொரு முயற்சி நினைவிருக்கக்கூடும். விஜயநகரத்தின் தலைநகராயிருந்து, 1565இல் தலைக்கோட்டைப் போரின் பின் அழிந்த ஹம்பியை, வட்டமான பெருந்திரையில் முப்பரிமாணக் காட்சியாக அமைத்து, 2008இல் மெல்பேர்ன் குடிவரவு அருங்காட்சியகத்தில் வைத்தனர். விக்ரோறிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சேரா கெண்டர்டைனும், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்றி ஷோவும் அதனை உருவாக்கினர். ஒளிப்படங்கள் மெல்பேர்ன் ஒளிப்படக் கலைஞர் ஜோன் கோலிங்ஸினுடையவை. நடுவிலுள்ள மேடையில் ஒருவர் நின்று திருப்ப, காட்சி சுற்றிவரும். அதில் ஒரு நுட்பம் உண்டு: அவர்கள் இடிந்த கோயிலைக் கட்டிக் காட்டவில்லை. இன்றுள்ள பாறையையும் இடிபாட்டையும் உள்ளபடி படம் பிடித்து, புராணத்துத் தெய்வங்களை மாத்திரம் அசையும் உருவங்களாக அதில் உலவவிட்டனர். கல்லைப் பற்றி ஊகிப்பதைவிட நம்பிக்கையை நம்பிக்கையாகக் காட்டுவது நேர்மை என எண்ணினர் போலும். எனக்கு அது உடன்பாடே. ஹம்பியை 1980 தொடக்கம் ஆண்டுதோறும் அளந்து வரைந்த இருவருள் ஒருவரான ஜோர்ஜ் மிச்செலும் மெல்பேர்னிற் பிறந்தவர் என்பது இவ்வூராருக்கு ஓர் உபரிச் செய்தி. அவரும் ஜோன் ஃபிறிட்ஸும் கைநாடாவும் கடதாசியும் கொண்டு தொடங்கிய வேலை இல்லையேல், பின்வந்த எந்த இயந்திரத்துக்கும் இவ்வூர் விளங்கியிராது.

இப்போது மகளின் கேள்வி. நமது ஊர்க் கோயிலை இப்படிப் பார்க்கலாமா?

திருக்கோணேச்சரத்தை எடுத்துக்கொள்வோம். 1620களின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அக்கற்களால் அவ்விடத்திற் கோட்டை கட்டினர். கோட்டை வாசற் கல்லிற் கயல் உருவமும் தமிழ் எழுத்தும் இன்றும் தெரியும். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையின் அடியிற் கடலுக்குள் மூழ்கியபோது தூண்களும் செதுக்கிய கற்களும் கிடக்கக் கண்டனர். கோயில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோபுரம் எத்தனை நிலை, பிராகாரம் எத்தனை, எந்தச் சந்நிதி எத்திசை நோக்கியது என்று கணினி கேட்டால் நாம் என்ன சொல்வோம்? சோழர் கோயில் ஒன்றின் சாயலைப் பொருத்தி அழகிய படம் ஆக்கலாம். ஆக்கியும் இருக்கிறார்கள். அது கோணேச்சரம் அன்று. கோணேச்சரத்தின் மீது நமக்குள்ள ஏக்கம்.

இதற்கு மாறாக யாழ்ப்பாணக் கோட்டையைப் பாருங்கள். அதனுள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவைத் தேவாலயம் 1990ஆம் ஆண்டு முற்றுகையோடு அழிந்தது. கோட்டைக்குப் பழைய வரைபடங்கள் உண்டு. தேவாலயத்துக்கு நூல்களிற் புகைப்படங்கள் உண்டு. முயன்றால் நம்பத்தக்க உருவொன்றைக் கணினியில் எழுப்பலாம். ஆண்டவனின் ஆலயம் ஆவணத்தோடு இருக்கிறது. ஆளப்பட்டவனின் ஆலயம் ஐதீகத்தோடு இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் கணினி மாற்றித் தராது. எது பதிந்து வைக்கப்பட்டதோ அதையே அது திரும்பத் தரும். யாழ்ப்பாண நூலகமும் இவ்வாறே. 1981இல் எரிந்த கட்டடத்தின் உருவத்தை மீட்பது இயன்றது, மீட்டும் கட்டிவிட்டார்கள். எரிந்த 97,000 நூல்களுள் ஒரேயொரு படியாக இருந்த ஏடுகளின் வரிகளை எந்தக் கண்ணாடி அணிந்தும் படிக்க முடியாது.

ஆயினும் அண்மைக் காலத்திற் போரினால் அழிந்த சிறு கோயில்கள், மடங்கள், பாடசாலைகள் ஆகியவற்றுக்கு ஒரு வழி உண்டு. அதற்கான பொருள் நமது வீட்டு அலுமாரிகளிலேயே கிடக்கிறது.

2015இல் ஈராக்கின் மோசுல் அருங்காட்சியகத்தைத் தீவிரவாதிகள் உடைத்தபோது, மத்தியூ வின்சன்ற், சான்ஸ் கோகெனூர் என்ற இரு இளம் ஆய்வாளர் உலகெங்கும் உள்ளோரிடம் ஒன்றையே வேண்டினர்: அங்கு சென்றபோது எடுத்த படங்களை அனுப்புங்கள். அவ்வாறு வந்த சாதாரணப் படங்களைக் கொண்டு, உடைந்த சிங்கச் சிலையைக் கணினியில் முப்பரிமாண உருவாக மீட்டனர். இதன் தத்துவம் நமது இரு கண்களின் தத்துவமே. ஒரு பொருளை இரு கோணத்திற் பார்ப்பதால் அதன் தூரத்தை மூளை அறிகிறது. அதுபோல் ஒரே தூணின் ஒரே புள்ளி இரண்டு, மூன்று படங்களில் வெவ்வேறு கோணத்தில் விழுந்திருந்தால், கணினி கோடுகளை நீட்டி அவை வெட்டும் இடத்தைக் கண்டுவிடும்.

நமது திருமணப் படங்களையும், தேர்த் திருவிழாப் படங்களையும், பாடசாலைக் குழுப் படங்களையும் இக்கண்ணோடு பாருங்கள். மணமகளைச் சற்று மறந்து அவருக்குப் பின்னாலுள்ள சுவரைப் பாருங்கள். கொடித்தம்பத்து மண்டபத்தின் தூண், வசந்த மண்டபத்தின் வளைவு, மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடி, எல்லாம் இருக்கும். ஒரு குடும்பத்தின் அல்பம் போதாது. எல்லோரும் ஒரே வாசலில் ஒரே பக்கம் நின்றே படம் எடுத்திருப்போம். ஹோம்புஷில் இருப்பவரிடம் தெற்கு வீதியும், டண்டினோங்கில் இருப்பவரிடம் தீர்த்தக் கேணியும், ரொறன்ரோவில் இருப்பவரிடம் மேற்கு வீதியும் இருக்கலாம். ஊர் சிதறியபோது கோயிலின் உருவமும் துண்டு துண்டாக நம்மோடு வெளிநாடு வந்துவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஷெல் விழுந்து அழிந்தவை ஒருபுறமிருக்க, நாம் அனுப்பும் டொலரினால் அழிபவையும் உண்டு. திருப்பணி என்ற பெயரிற் பழைய கல் மண்டபத்தை இடித்துச் சீமெந்து மண்டபம் எழுப்பி, அதற்கு ஏழு வர்ணம் பூசுகிறோம். உபயகாரர் பெயர் சலவைக் கல்லில் ஏறுகிறது; இடித்த கல் ஒழுங்கை போடப் போகிறது. பாரிஸ் நொத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது, அதன் மீள்கட்டுமானத்துக்குப் பெரிதும் கைகொடுத்தவற்றுள் ஒன்று, அன்ட்றூ ராலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் லேசர் கொண்டு எடுத்துவைத்த அளவு. தீ மூளுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார். நமது கோயில்களுக்கு லேசர் வேண்டியதில்லை. பாலஸ்தாபனத்துக்கு நாட் குறிக்கும்போதே, கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர் இருவரை ஒரு காலைப்பொழுது அனுப்பி, மண்டபத்தைச் சுற்றி ஓரடிக்கு ஒரு படமாக, ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேற் பொருந்தும்படி எடுக்கச் சொன்னால் போதும். ஒரு தூணின் அருகே அடிக்கோல் ஒன்றைச் சாத்தி வைத்து எடுத்தால் அளவும் கிடைக்கும். பணம் அனுப்பும் சங்கத்தார் இதனை ஒரு நிபந்தனையாக விதிப்பதில் குற்றம் எதுவுமில்லை.

வீட்டிலுள்ள அல்பங்களைப் பொறுத்தவரை வேலை இன்னும் எளிது. பெரியவர் ஒருவர் காலமானதும் வீட்டை ஒதுக்கும் பிள்ளைகள், யாரென்று தெரியாத முகங்கள் என்று படங்களைக் குப்பையில் இடுவது நடக்கிறது. இடாதீர்கள். படத்தின் மறை பிரதி இருந்தால் அதுவே மேலானது. ஸ்கான் செய்யும்போது ஓரங்களை வெட்ட வேண்டாம். நமக்கு வேண்டியது ஓரத்திலேதான் இருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமற் செய்யுங்கள். பின்புறத்தில் ஸ்ரூடியோவின் முத்திரையோ திகதியோ இருந்தால் அதனையும் சேருங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றோரிடம் ஒரு பிரதி சேர்ந்தால், என்றோ ஒருநாள் தெற்கு வீதியும் மேற்கு வீதியும் ஒரே இடத்திற் சந்திக்கும். படத்தில் நிற்பவர்களுள் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே, இது எந்த வாசல், எந்த ஆண்டு, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேட்டு எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை மறுபக்கத்துக்கு ஊறும்.